தவிசாளர், முதல்வர், பிரதேச செயலாளர்: யாருக்கு என்ன அதிகாரம்?

வன்னியில் ஒரு சிறுகுளத்தை நம்பி வாழும் கிராமம் அது. பெயர் வேண்டாம். பிரதான வீதியிலிருந்து ஊருக்குள் செல்லும் பாதையின் நடுவே ஒரு மதகு இருந்தது. ஒரு மாரியில் வெள்ளம் அதன் ஒரு பக்கத்தை அரித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து உழவு இயந்திரம் அப்பால் போகவில்லை. அறுவடைக் காலத்தில் நெல் மூடைகளைத் தலையிலும் சைக்கிளிலும் வைத்து மறுகரைக்குக் கொண்டுவந்தார்கள். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குப் போவதற்கு அரை மைல் நடந்தார்கள்.

நாம் அங்கு சென்றபோது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் ஒரு கோவையைக் கொண்டுவந்து எமக்கு முன்னால் வைத்தார். அதில் ஏழு மனுக்களின் பிரதிகள் இருந்தன. மூன்று பிரதேச செயலாளருக்கு, இரண்டு பிரதேச சபைத் தவிசாளருக்கு, ஒன்று அரசாங்க அதிபருக்கு, ஒன்று பாராளுமன்ற உறுப்பினருக்கு. அநேகமாக எல்லாவற்றுக்கும் பதில் வந்திருந்தது. 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்றது ஒன்று. 'எமது பொறுப்பின் கீழ் வருவதல்ல' என்றது இன்னொன்று. "எல்லாரும் மரியாதையாத்தான் எழுதியிருக்கினம். மதகு மட்டும் அப்படியே கிடக்குது" என்றார் அந்த அம்மா.

மனு எழுதுவதில் அந்த ஊரவர்கள் குறை வைக்கவில்லை. யாருக்கு எந்த அதிகாரம் இருக்கிறது என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடசாலையிலும் இதனைச் சரியாகக் கற்பிப்பதில்லை. ஆகவே இந்த இதழின் பாடமாக இதனையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிரதேச செயலாளர் வேறு, பிரதேச சபையின் செயலாளர் வேறு. இடையில் உள்ள 'சபை' என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டதனால் வேறு கந்தோருக்குப் போய்ச் சேர்ந்த கடிதங்களை நாம் பல தடவை கண்டிருக்கிறோம். முன்னவர் மத்திய அரசாங்கத்தின் உயர் உத்தியோகத்தர். பின்னவர் மக்கள் தெரிவு செய்த சபையின் அலுவலகத்தை நடத்துபவர். தவிசாளருக்குக் கீழே வேலை செய்பவர்.

இவ்விரண்டு கந்தோர்களும் ஒரே சந்தியில் எதிரெதிரே இருந்தாலும் இரண்டு வெவ்வேறு பரம்பரையில் வந்தவை. பிரதேச செயலகத்தின் மூலம் கச்சேரி. வெள்ளையர் காலத்து அரசாங்க அதிபர், அவருக்குக் கீழே மணியகாரர், பின்னர் காரியாதிகாரி, அதன்பின் உதவி அரசாங்க அதிபர் என்று அந்தப் பதவி பெயர் மாறி வந்தது. எமது மூத்தவர்கள் இன்றைக்கும் 'ஏ.ஜி.ஏ. கந்தோர்' என்றே சொல்கிறார்கள். 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டம் கச்சேரியின் அதிகாரங்கள் பலவற்றைப் பிரதேச செயலாளருக்குக் கைமாற்றியது. காணி அனுமதிப் பத்திரம், பிறப்பு இறப்புப் பதிவு, வாகன வருமான அனுமதிப் பத்திரம், ஓய்வூதியம், வியாபாரப் பெயர்ப் பதிவு, 1995 இல் தொடங்கிய சமுர்த்தி, 2023 இல் வந்த அஸ்வெசும, வெள்ளம் வரட்சிக்கான நிவாரணம் ஆகிய யாவும் அந்தக் கூரையின் கீழ்தான் நடக்கின்றன. கிராம அலுவலர், நாம் விதானையார் என்று அழைப்பவர், அவரும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவரே. இவர்களில் எவரையும் நாம் வாக்களித்துத் தெரிவு செய்வதில்லை. வாக்களித்து நீக்கவும் முடியாது. அரசாங்கம் நியமிக்கிறது, இடமாற்றுகிறது.

உள்ளூராட்சி மன்றத்தின் பரம்பரை வேறு. கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபை தந்த கட்டளைச் சட்டம் 1865 இல் வந்தது. இன்றைய மாநகர சபைகள் 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படியும், நகர சபைகள் 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படியும் இயங்குகின்றன. யாழ்ப்பாணம் 1949 இல் மாநகர சபையானது. கிராமங்களுக்குக் கிராம சபைகளும் சிறு பட்டினங்களுக்குப் பட்டின சபைகளும் இருந்தன. 1981 இல் அவற்றின் இடத்துக்கு மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. ஊர் மட்டத்தில் தெரிவு செய்யப்பட்ட மன்றம் இல்லாமற் போயிற்று. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கிய பின்னரே கிராமத்தவரின் கைக்கு ஒரு சபை மீண்டும் வந்தது. அவற்றுக்கான முதலாவது தேர்தல் 1991 இல் நடைபெற்றது. வடக்கின் பெரும்பகுதி யுத்தத்தின் காரணமாக இன்னும் பல ஆண்டுகள் காத்திருந்தது.

இந்தச் சட்டத்தின்படி பிரதேச சபையின் வேலை மூன்று பெரிய சொற்களில் அடங்கும்: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள். குப்பை அகற்றல், சந்தை, மயானம், நூலகம், தெரு விளக்கு, பொதுக் கிணறு, வடிகால், உள்வீதி, கட்டட அனுமதி, வியாபார உரிமம் என்று விரித்துக்கொள்ளலாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கடையின் பெயரைப் பதிவு செய்வது பிரதேச செயலகத்தில். அதே கடையை நடத்த உரிமம் பெறுவது சபையில். தெரு விளக்கு சபையின் பொறுப்பு. அதற்கு வரும் மின்சாரம் மின்சார சபையின் பொறுப்பு. எமது மக்கள் அலைக்கழிவது பெரும்பாலும் இந்த நூலிழை எல்லைகளில்தான்.

அப்படியானால் பிரதேச சபைத் தவிசாளருக்கும் மாநகர முதல்வருக்கும் என்ன வேறுபாடு? சட்டப் புத்தகத்தில் தேடினால் பெரிதாக எதுவும் அகப்படாது. இருவருமே தத்தம் சபையின் பிரதான நிறைவேற்று அதிகாரிகள். இருவருமே கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார்கள், வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கிறார்கள். வேறுபாடு நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் ஆட்களிலும் பெட்டியில் இருக்கும் பணத்திலும்தான் இருக்கிறது.

மாநகர முதல்வருக்கு ஆணையாளர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கீழே பொறியியலாளர், கணக்காளர், சுகாதார வைத்திய அதிகாரி எனத் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. டெங்கு பரவினால் தமது சொந்தப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களை அவரால் தெருவுக்கு அனுப்ப முடியும். பிரதேச சபைத் தவிசாளருக்குப் பரிசோதகர் வேண்டுமென்றால் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைத்தான் கேட்க வேண்டும். அவரிடம் இருப்பது ஒரு செயலாளர், ஓரிரு தொழில்நுட்ப உத்தியோகத்தர், வருமானப் பரிசோதகர், சில எழுதுவினைஞர், வேலைப் பகுதித் தொழிலாளர். பெரிய பாலத்துக்கு மதிப்பீடு தயாரிக்கவே வெளியே பொறியியலாளரைத் தேட வேண்டிய நிலை பல சபைகளில் உண்டு.

பணத்தின் கதை இதனிலும் கூர்மையானது. மாநகரத்தில் சோலை வரி கட்டும் வீடுகளும் கடைகளும் அடுக்கடுக்காக நிற்கின்றன. பிரதேச சபை சோலை வரி அறவிடக்கூடியது கட்டடங்கள் நெருங்கிய பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் மாத்திரமே. மற்றையவற்றுக்குச் சொற்ப ஏக்கர் வரி. சந்தைக் குத்தகையும் உரிமக் கட்டணமும் போக, நீதிமன்றக் குற்றப்பணமும் காணி கைமாறும்போது அறவிடும் முத்திரை வரியும் மாகாணத்தின் ஊடாக வந்து சேர வேண்டும். வயற்காணி மிகுந்த ஒரு சபையில் எத்தனை காணி கைமாறும்? ஆகவே தவிசாளர் மாகாணத்தின் நன்கொடையையும் மத்திய அமைச்சுகளின் திட்டங்களையும் பாராளுமன்ற உறுப்பினரின் ஒதுக்கீட்டையும் எதிர்பார்த்து நிற்கிறார். அப்படி வரும் பணம் அநேகமாகப் பிரதேச செயலகத்தின் கணக்கிலேயே இறங்குகிறது. ஊரவர்கள் தவிசாளரைப் பார்த்து 'இவருக்கு அதிகாரம் இல்லை' என்று சொல்வது இதனால்தான். அதிகாரம் இருக்கிறது; கை வெறுமையாக இருக்கிறது.

முதல்வருக்கும் கட்டுகள் உண்டு என்பதை மறக்கக்கூடாது. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில், 1978 இல் வந்த சட்டத்தின்படி, கட்டட அனுமதியின் மேலதிகாரம் நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கிறது. முதல்வர் அதனை இரவலாகப் பெற்றே பயன்படுத்துகிறார்.

இந்த ஏற்றத்தாழ்வை நுவரெலியா மாவட்டத்தைப் போல வெளிச்சமாகக் காட்டும் இடம் வேறில்லை. நுவரெலியா மாநகர சபையின் எல்லைக்குள் வாழ்பவர்கள் முப்பதினாயிரத்துக்கும் குறைவு. அவர்களுக்கு ஒரு முதல்வர், ஒரு ஆணையாளர், விடுதிகளிலிருந்தும் ஏப்ரல் வசந்தகாலக் கடைகளிலிருந்தும் வரும் வருமானம். அதே மலைகளில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்களைத் தாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் நின்றன. நாட்டின் வேறு பகுதிகளில் சில ஆயிரம் பேருக்கு ஒரு பிரதேச சபை இருக்கையில் இது நடந்தது. நீண்ட காலக் கோரிக்கைக்குப் பின்னர் 2018 தேர்தலுக்கு முன்னதாகத்தான் அவை பிரிக்கப்பட்டன; அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகிய புதிய சபைகள் தோன்றின.

ஆனால் சபை கிடைத்தால் மட்டும் போதுமா? தோட்டத்து மக்களின் அனுபவத்தை இங்கு சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய கிராம சபைக் காலத்தில் தோட்டங்கள் அவற்றின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தன. பிரதேச சபைகள் வந்தபின் தோட்டத்து மக்களும் வாக்களித்தார்கள்; தமது ஆட்களை உறுப்பினர்களாகவும் தவிசாளர்களாகவும் அனுப்பினார்கள். ஆனால் 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. காணி அரசாங்கத்துக்குச் சொந்தமாயினும் 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமையில் இருக்கிறது. தோட்டத்து வீதி தோட்டத்துக்குரியது, சபைக்குரியதல்ல என்பதே நிலைப்பாடு. அதனை மீறி ஒரு தவிசாளர் லயத்துக்குப் போகும் பாதைக்குக் கொங்கிறீட் போட்டால் கணக்காய்வாளர் கேள்வி எழுப்புவார். சட்டத்துக்கு மாறான செலவை அங்கீகரித்தவரிடமே அந்தப் பணத்தை அறவிடவும் சட்டத்தில் இடமுண்டு. அப்படியிருக்கையில் எந்தத் தவிசாளர் துணிவார்?

விளைவு என்ன? லயத்தில் வாழும் ஒருவர் தமது வாக்கினால் தவிசாளரை உருவாக்கலாம். அந்தத் தவிசாளரால் அவரது வாசலுக்கு ஒரு விளக்கைப் போடுவதே சிக்கலாக இருந்தது. துரையிடம் போனால் 'கம்பனியைக் கேளுங்கள்' என்பார். சபைக்குப் போனால் 'தோட்டத்தைக் கேளுங்கள்' என்பார்கள். 2018 இல் பாராளுமன்றம் இந்தப் பிரிவைத் திருத்திய பின்னரே சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை செய்வதற்குச் சட்டம் வழி திறந்தது. முப்பது ஆண்டுகள்! எமது கருத்தில், இந்நாட்டின் உள்ளூராட்சி வரலாற்றில் இதனைப் போன்ற அநீதி குறைவு. திருத்தம் வந்தபின்னும் பெட்டியில் பணமில்லாத புதிய சபைகள் எவ்வளவு செய்யும் என்ற கேள்வி மிஞ்சியே இருக்கிறது.

இனி, தெரிவு செய்யப்பட்டவரை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று பார்ப்போம். முதற் கடிவாளம் சபை உறுப்பினர்களின் கையில் உள்ள வரவு செலவுத் திட்டம். 2018 இல் கலப்பு முறையில் நடந்த தேர்தலுக்குப் பின் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. யாழ்ப்பாண மாநகர சபையில் 2021 ஆம் ஆண்டுக்கான திட்டம் 2020 டிசம்பரில் இரண்டு தடவை தோற்கடிக்கப்பட்டது. முதல்வராக இருந்த இம்மானுவேல் ஆனல்ட் பதவி இழந்தார். சபை வேறொருவரைத் தெரிவு செய்தது. ஓர் உத்தியோகத்தருக்கு இப்படியொன்று நேர்வதில்லை. இரண்டாவது கடிவாளம் மாகாணத்திடம் இருக்கிறது. 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் உள்ளூராட்சி மன்றங்களின் மேற்பார்வையை மாகாண சபைகளிடம் கொடுத்தது. மன்றங்களின் அமைப்பையும் வடிவத்தையும் தீர்மானிப்பது மத்திய அரசிடமே நின்றது. மாகாண சபைகளே தேர்தலின்றி 2019 அளவில் முற்றாகக் கலைந்த பின்னர் அந்த மேற்பார்வை ஆளுநர்களிடம் போயிற்று. மக்கள் தெரிவு செய்தவரை மக்கள் தெரிவு செய்யாதவர் விசாரிக்கும் நிலை.

முதல்வரோ தவிசாளரோ இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் நாடு அண்மையில் பார்த்தது. 2018 பெப்ரவரி 10 ஆம் திகதி தெரிவான சபைகளின் காலம், ஓராண்டு நீடிப்போடு, 2023 மார்ச் 19 ஆம் திகதி முடிவடைந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்ற காரணத்தோடு பின்போடப்பட்டது. அதன்பின் மாநகரங்களை ஆணையாளர்களும் பிரதேச சபைகளைச் செயலாளர்களும் தனியே நடத்தினார்கள். குப்பை வண்டி ஓடியது. சம்பளம் கொடுபட்டது. கட்டட அனுமதி கிடைத்தது. சில இடங்களில் வேலை முன்னரை விட ஒழுங்காக நடந்தது என்று சொன்னவர்களும் உண்டு. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த வீதியை முதலில் திருத்துவது என்று எதிர்க்கேள்வி கேட்பதற்கு ஒரு கூட்டமும் இருக்கவில்லை. வட்டாரத்துக்கு ஒருவர் என்று எமக்கிருந்த உறுப்பினர் வீட்டுக் கதவும் மூடப்பட்டிருந்தது. பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கிய சட்டத்தினால் 2018 இல் முதன்முறையாகச் சபைக்குள் வந்த எத்தனையோ சகோதரிகள் மீண்டும் வெளியே நின்றார்கள். 2025 மே 6 ஆம் திகதிதான் 339 சபைகளுக்கு மீண்டும் தேர்தல் நடந்தது.

எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நல்லூர்ப் பிரதேச செயலகப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பகுதி யாழ்ப்பாண மாநகர சபைக்குள் இருக்கிறது, மறுபகுதி நல்லூர்ப் பிரதேச சபைக்குள் இருக்கிறது. ஒரே பிரதேச செயலாளரிடம் காணி விடயத்துக்குப் போகும் இரண்டு வீட்டார், குப்பை விடயத்துக்கு ஒருவர் முதல்வரிடமும் மற்றவர் தவிசாளரிடமும் போக வேண்டும்.

வீதி விடயத்தில் ஒரு பொது வழிகாட்டி உண்டு. ஏ, பி என்று தொடங்கும் பெரு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி வகுப்பு மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியது. அவற்றுக்குக் கீழே உள்ள உள்வீதியும் ஒழுங்கையும் உள்ளூராட்சி மன்றத்துக்குரியவை. அதுவும் மன்றத்தின் வீதிப் பதிவேட்டில் ஏறியிருந்தால்தான். வயலுக்கும் சிறுகுளத்துக்கும் போகும் பாதை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பக்கம். பதிவேட்டில் இல்லாத பாதைக்குச் சபை பணம் ஒதுக்க முடியாது. ஆகவே மனு எழுதுவதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலை, அந்தப் பாதை எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று கேட்டறிவது. வாய்மொழியாகச் சொல்லாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ளப் பிரதேச சபைச் சட்டம் இடமளிக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. எமது சங்கங்கள் அந்த ஆசனத்தை ஏன் கேட்பதில்லை?

மதகின் கதைக்கு வருவோம். மாதர் சங்கத்தினர் எட்டாவது மனுவை எழுதவில்லை. அதற்குப் பதிலாகச் சபையிடம் வீதிப் பதிவேட்டின் பிரதியைக் கேட்டார்கள். வந்து பார்த்தால், பிரதான வீதியிலிருந்து மதகு வரைக்கும் பாதை சபைக்குரியது; மதகுக்கு அப்பால் அது குளக்கட்டுக்குப் போகும் கமநலப் பாதை. இரு பகுதியாரும் மதகு மற்றவருடையது என்று உண்மையாகவே நம்பியிருந்தார்கள். எவரும் பொய் சொல்லவில்லை.

அதன்பின் பிரதியை எடுத்துக்கொண்டு பிரதேச செயலாளரிடம் போனார்கள். மதகைக் கட்டித் தரும்படி கேட்கவில்லை. இரண்டு பகுதியாரையும் ஒரே நாளில் அந்த இடத்துக்கு அழைத்துத் தரும்படி கேட்டார்கள். அதனைச் செய்வதற்கு அவரிடம் அதிகாரம் இருந்தது. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவை நடத்துபவர் அவர்தானே. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தரும் ஒரு செவ்வாய்க்கிழமை அளவு நாடாவோடு வந்து நின்றார்கள். சபை குழாயும் சீமெந்தும் கொடுத்தது. கமக்கார அமைப்பு ஆட்களைத் தந்தது. அடுத்த மாரிக்கு முன்னர் உழவு இயந்திரம் மதகைக் கடந்தது.

போன மாதம் அந்த அம்மாவை மீண்டும் சந்தித்தோம். கோவை தடித்திருந்தது. மதகுக்குப் பக்கத்தில் இரவில் பாம்பு கிடக்கிறதாம். ஒரு விளக்கு வேண்டும். "விளக்குக்குச் சபைதானே, ஐயா?" என்று கேட்டார். சபைதான் என்றோம். "அப்ப கம்பத்துக்கு?" என்றார். மின்சார சபை என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கடிதத் தாள்களை எடுத்து வைத்துவிட்டார்.